இட்லி அவிக்கும் ஆட்டம்

தமிழ் சினிமாவுக்கு 1978 எப்படியோ, வீடியோ கேமுக்கு 2023 அப்படி. இப்படிச் சொன்னால்தான் நம் வயதுக்காரர்களுக்கு விளங்கும் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முள்ளும் மலரும், கிழக்கே போகும் ரயில், சிகப்பு ரோஜாக்கள், இளமை ஊஞ்சலாடுகிறது, அவள் அப்படித்தான், தப்புத் தாளங்கள். இத்தனையும் ஒரே வருஷத்துப் படங்கள். தென்காசிக்குப் படப்பெட்டி வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். ஆனாலும் வாராவாரம் எதைப் பார்ப்பது எதை விடுவது என்று எங்கள் தாலுகா ஆபீஸில் ஒரு விவாதமே நடக்கும். என் பேரனும் அவன் கூட்டாளிகளும் 2023-ஐப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்கள். "தாத்தா, 1998-க்கு அப்புறம் இப்படி ஒரு வருஷம் வரவே இல்ல" என்றான். 1998-ல் அவன் பிறக்கவே இல்லை. நான் பிறப்பதற்கு முந்தைய தியாகராஜ பாகவதர் படங்களைப் பற்றி என் மாமா சொன்னதை அப்படியே பிறரிடம் சொன்னவன்தானே நானும், அதனால் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருஷம் நம் மாநிலத்தில் 'கேம்' என்ற சொல் வேறு ஒரு காரணத்துக்காகத்தான் பத்திரிகையில் அடிபட்டது. ஆன்லைன் ரம்மி. பணத்தை விட்டுக் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி வந்தபடி இருந்தது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் 2022-ம் ஆண்டுச் சட்டம் ஆளுநரின் ஒப்புதல் பெற்று ஏப்ரல் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள், அவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம் வீடியோ கேம் என்று பேச்செடுத்தாலே "அந்தச் சனியனா சார்?" என்று கேட்கிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் எழுதப்போவது வேறு சரக்கு. இதில் பணம் கட்டி ஆடுவது கிடையாது. கதைப் புத்தகம்போல ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் முடிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று போய்ப் பயணிகள் தவித்த கதையும் தெரியும். குற்றாலத்தில் அருவி, பாறை எது தண்ணீர் எது என்று தெரியாமல் விழுந்தது. அந்தக் கோலம் கொஞ்சம் அடங்கிய வாரத்தில்தான் என் பேரன் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அருவிப் பக்கமே போகக் கூடாது என்று அவன் அம்மா போனிலேயே உத்தரவு போட்டுவிட்டாள். மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடக்கிற தூரம்தான். இருந்தும் பையன் வீட்டோடு கிடந்தான். கையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவி. நம் வீட்டு டி.வி.யில் மாட்டினால் பெரிதாகவும் தெரியும். அப்படித்தான் 2023-ன் ஆட்டங்களை, அல்லது அவற்றில் சிலவற்றை, நானும் என் மனைவியும் நாற்காலி போட்டுப் பார்த்தோம்.

அதே வாரத்தில், டிசம்பர் 23, வைகுண்ட ஏகாதசி. கண் விழிக்க என் மனைவி பரமபத அட்டையை எடுத்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விளையாட்டு என்பது பொழுதைக் கொல்லும் காரியம் மட்டும்தான் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம்முடைய பரமபதமே ஒரு கதைதானே? நல்லது செய்தால் ஏணி, கெட்டது செய்தால் பாம்பு, கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஆளை விழுங்கும் பெரிய பாம்பு. நூறு வருஷத்துக்கு முந்தைய ஆச்சிகள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்ததைத் தாயக்கட்டையை உருட்டிச் சொல்லிவிட்டார்கள்.

மின்சாரப் பெட்டிக்குள் விளையாட்டு வந்ததும் அதே 1978-ஐ ஒட்டித்தான் உலகமெங்கும் பரவியது. ஜப்பானில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது அந்த வருஷம். மேலிருந்து இறங்கி வரும் பூச்சிகளைச் சுட வேண்டும், அவ்வளவுதான். 1980-ல் பாக்-மேன், 1985-ல் மீசைக்கார மாரியோ. நம் ஊருக்கு இவையெல்லாம் எட்டியபோது தொண்ணூறுகள் ஆகிவிட்டது. அதுவும் நகல் எடுத்த பெட்டிகளில். ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் வந்த ஆட்டம் அது இல்லை. அது குற்றாலம் சீசன் கடையில் தொங்கிய சின்னக் கருவி. சன்னதித் தெருவில் நேந்திரங்காய் சிப்ஸ், மங்குஸ்தான், ரம்புட்டான், பிளாஸ்டிக் துப்பாக்கி இவற்றுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 'பிரிக் கேம்' என்று பெயர். இரண்டு பென்சில் பேட்டரி. பேரம் பேசி என் மகனுக்கு ஒன்று வாங்கினேன். அவன் பள்ளிக்கூடம் போன பிறகு நானும் ஆடுவேன்.

அந்தக் கருவியில் இருந்தது டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சேய் பஜித்னோவ் என்பவர் வேலை நேரத்தில் எழுதியது. நாலு நாலு கட்டங்களாக ஒட்டிய துண்டுகள் மேலிருந்து விழும். இடைவெளி இல்லாமல் வரிசையாக அடுக்கினால் அந்த வரிசை மறையும். அடுக்கத் தவறினால் குவியும். போகப் போக வேகம் கூடும். எனக்கு இது ஏன் பிடித்தது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். நான் முதலில் உட்கார்ந்தது தபால் பிரிவில். காலையில் தபால் கட்டு வரும். பிரித்து, எண் போட்டு, அந்தந்த இருக்கைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த கட்டு. ஜமாபந்தி மாதத்தில் வேகம் கூடும். எவ்வளவு சமர்த்தாக அடுக்கினாலும் ஒருநாள் குவியத்தான் போகிறது. டெட்ரிஸ் முடிவதே இல்லை, ஆடுகிறவன்தான் முடிவான் என்று 30 வருஷத்துக்கு மேல் எல்லாரும் நம்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்த நம்பிக்கை உடைந்ததும் 2023-ல்தான். டிசம்பர் 21-ம் தேதி, நாங்கள் இங்கே மழைநீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு 13 வயதுச் சிறுவன் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை ஆடிக்கொண்டே போய் 157-ம் கட்டத்தில் கருவியைத் திணறடித்து நிறுத்திவிட்டான். முன்பெல்லாம் 29-ம் கட்டத்துக்கு மேல் மனிதக் கை போகவே முடியாது என்றிருந்தார்கள். கணினி நிரல்கள் அதற்கு மேல் போயிருந்தன. மனிதர் யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. ஜனவரியில் பேப்பரில் படித்தபோது, யாரோ ஒரு குமாஸ்தா தபால் கட்டே வராதபடி செய்துவிட்டான் என்று கேட்டதுபோல் இருந்தது. 1989-ல் விற்பனைக்கு வந்த ஆட்டத்துக்கு 2023-ல் முடிவு. எனவே என் பட்டியலில் இதுவும் உண்டு. பேரன் ஒத்துக்கொள்ளவில்லை, புதிதாக வந்ததைத்தான் சேர்க்க வேண்டுமாம்.

அவன் பட்டியலில் முதலில் இருப்பது பால்டர்ஸ் கேட் 3. ஆகஸ்ட் 3-ம் தேதி வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டம் என்று டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் விழாவிலும் அடுத்த ஏப்ரலில் லண்டன் பாஃப்டா விழாவிலும் பரிசு பெற்றது. செய்தவர்கள் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்து லாரியன் நிறுவனத்தார். நான் பள்ளியில் படித்த பூகோளத்தில் அந்த ஊருக்குப் பிரெஞ்சில் 'காங்' என்று பெயர். நெசவுக்குப் பேர்போன ஊர். இப்போது இதை நெய்கிறார்கள். மந்திரவாதிகள், குள்ளர்கள், பூதங்கள் எல்லாம் வரும் பெரிய கதை. நாம் என்ன பதில் சொல்கிறோமோ அதைப் பொறுத்துக் கதை திரும்பும். அம்புலிமாமாவில் வேதாளம் கேட்ட கேள்விக்கு விக்கிரமாதித்தன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் நூறு மணி நேரம் ஆகுமாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

செல்டா வரிசையில் வந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' மே 12-ம் தேதி வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அதில் பையன் மரப்பலகையையும் சக்கரத்தையும் ஒட்டி வண்டி செய்வதைப் பார்க்க எனக்குப் பிடித்தது. நாங்கள் நுங்குக் கோந்தையில் வண்டி ஓட்டினோமே, அதே சந்தோஷம்தான். அக்டோபரில் மாரியோ புதிதாக வந்தார். சிலந்தி மனிதன் வந்தான். பின்லாந்துக்காரர்கள் செய்த ஒரு பேய்க் கதை வந்தது. அதை ராத்திரியில் போட வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சுடுவதும் வெட்டுவதுமாக வந்தவையும் ஏராளம். அவற்றைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

எனக்குப் பிடித்த இரண்டில் முதலாவது பிரான்சிலிருந்து வந்தது. துலூஸ் நகரத்தில் 'ரண்டிஸ்க்' என்ற பெயரில் இரண்டு பேர் தொடங்கிய சிறு நிறுவனம் செய்தது. பெயர் 'சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்'. செப்டம்பர் 5-ல் வெளிவந்தது. சென்னார் என்பது பைபிளில் பாபேல் கோபுரம் கட்டப்பட்ட சமவெளியின் பெயர். காரைக்காலில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது பாபேல் கதையை எங்கள் 'மேத்ர்', அதாவது வாத்தியார், சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடவுள் மொழிகளைக் கலைத்துவிட்டதால் கட்டிடம் பாதியில் நின்ற கதை. இந்த ஆட்டத்தில் அந்தக் கோபுரம் நிற்கிறது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி, ஒரு எழுத்து. ஒருவருக்கு ஒருவர் பேச்சு விளங்காது. முக்காடு போட்ட ஒரு வழிப்போக்கன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஏறி வருகிறான். யாரும் அவனுக்கு அகராதி தருவதில்லை. கதவருகே ஒரு குறி, நீர்த் தொட்டியருகே ஒரு குறி, ஒருவர் கையசைக்கும்போது ஒரு குறி. இதை வைத்து அர்த்தத்தை ஊகித்து நோட்டில் குறித்துக்கொண்டே போக வேண்டும்.

முதல் தளத்து மொழியில் பன்மைக்குச் சொல்லை இரண்டு தடவை எழுதுகிறார்கள். பேரன் இதில் முக்கால் மணி நேரம் சிக்கிக்கொண்டான். "வீடு வீடா போனான், கூட்டம் கூட்டமா வந்தாங்கன்னு சொல்றோமே, அப்படிப் பாருடா" என்றேன். கண்டுபிடித்துவிட்டான். அந்த விளையாட்டில் நான் செய்த ஒரே உதவி அது. அதற்காகவும் பிடித்திருக்கலாம்.

தனியாக ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மொழிக்குள் ஏறி வருவது எனக்குத் தெரிந்த சமாசாரம். நான் பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் ஆட்சியைக் கைமாற்றியபோது எனக்கு நினைவு தெரியாத வயது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தபோது பள்ளியில் இருந்தேன். கொடி மாறினாலும் எங்கள் பள்ளியில் பிரெஞ்சு மாறவில்லை. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே பிரெஞ்சில். தெருவில் பாதிப் பேர் வீட்டில் ஒரு சொல்தா இருப்பார், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளையும் அந்த வழியில் போகட்டும் என்று என் அப்பா நினைத்தார். அவர் காலமானபின் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த வீடான தென்காசிக்கு வந்துவிட்டாள். பிறகு தனியாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, அரசு வேலை கிடைத்தபோது, தமிழில் படிக்காதவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் தமிழ் மொழித் தேர்வு தேற வேண்டும் என்ற விதி எனக்கும் பொருந்தியது. தமிழனுக்குத் தமிழ்ப் பரீட்சையா என்று ஆபீஸில் சிரித்தார்கள். தலைமை எழுத்தர் ஒருவர், ஓய்வு நேரத்தில் வெண்பா எழுதுகிறவர், மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். 'கோப்பு', 'செயல்முறைகள்', 'பார்வை', 'இசைவு' என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இனி இரண்டாவது ஆட்டம். அதன் பெயரே 'வெண்பா'.

பேரன் பெயரைச் சொன்னதும் நம்ப முடியவில்லை. வெண்பா என்றால் நம் யாப்பில் கட்டுப்பாடு அதிகம் உள்ள பா. தளை தட்டக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். வள்ளுவர் எழுதியதும் குறள் வெண்பாதான். கனடாவில் டொராண்டோவில் இருந்து 'விசை' என்ற பெயரில் இயங்கும் ஒரு சிறு குழு, அபி என்ற தமிழ் இளைஞர் தலைமையில் இதைச் செய்திருக்கிறது. 2023 ஜூலை 31-ல் வெளியானது. விசை என்றால் வேகம், பலம், பொத்தான் எல்லாம்தான். பொத்தானை அழுத்தி ஆடும் பொருளுக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் கிடைக்காது.

கதை 1988-ல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய கணவன் மனைவி. மனைவி வெண்பா, கணவன் பாவலன். பிறகு ஒரு மகன், கவின். அந்தக் காலத்து டொராண்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரை அங்குள்ள மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அந்தத் தமிழர்கள் போரால் போனவர்கள்; வெண்பாவும் பாவலனும் பிழைப்புக்காகப் போனவர்கள். இன்று கனடாவில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2016-ல் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டுக் கொண்டாடுகிறார்கள். 1988-ல் அப்படி ஒன்றும் இல்லை. குளிரும் வேலை கிடைக்காத கவலையும்தான்.

ஆட்டம் என்ன? சமையல். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை அடுக்கும்போது மேல் தட்டின் குழி கீழ்த் தட்டின் குழிக்கு நேரே உட்கார்ந்தால் ஆவி ஏறாது. மாற்றி அடுக்க வேண்டும். பேரன் முதல் தடவை தப்பாக அடுக்கினான். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த என் மனைவி, "இதுக்குப் போயி ஒரு வெளையாட்டா? ஏலே, தட்ட மாத்திப் போடுல" என்றாள். மாற்றிப் போட்டான், வெந்தது. "பாத்தியா ஆச்சி, நீ ஒரு லெவல் முடிச்சிட்ட" என்றான். அதன்பிறகு அவள் எழுந்து போகவில்லை. "எண்ணெ தடவுறதெல்லாம் சரி. நம்ம ஊர்ல துணில்லா போடுவோம்" என்று ஒரு குறை மட்டும் சொன்னாள். அடுத்து புட்டு. குழலில் சில்லை முதலில் போடாமல் மாவைப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பிறகு பிரியாணி. தோசை. வீட்டு வானொலியில் பாட்டு வரும். எண்பதுகளின் சினிமாப் பாட்டு சாயலில் தொடங்கிக் காலம் நகர நகரப் பாட்டின் சாயலும் மாறுகிறது. எல்லாம் இதற்கென்றே புதிதாகச் செய்த பாட்டுகள்.

சமையல் பாதிதான். மீதி, அந்த வீட்டில் தமிழுக்கு என்ன ஆகிறது என்பது. அம்மா தமிழில் கேட்பாள், பிள்ளை வளர வளர ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அவள் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு அவனுக்குப் பள்ளியில் கூச்சமாகிறது. ஒரு கட்டத்தில் ஆட்டம் கவினின் கைக்கு மாறுகிறது. அப்போது அம்மாவின் தமிழ் அவனுக்கு எப்படி விளங்குகிறது என்பதைத் திரையில் எழுத்தாலேயே காட்டுகிறார்கள். தெரிந்த சொல் தெளிவாக வரும். தெரியாத சொல் மங்கிப்போய் நிற்கும். அதே சமையல் புத்தகம் அவன் கையில் வேறு விதமாகக் கிழிந்திருக்கிறது. தாள் நன்றாகத்தான் இருக்கிறது, வாசிக்கத்தான் வரவில்லை.

இந்த இடத்தில் பேரன் வாசித்துச் சொல்வதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். காரைக்காலில் மாதாமாதம் பள்ளியிலிருந்து மதிப்பெண் தாள் வரும். முழுக்கப் பிரெஞ்சு, ஊதா மையில். அப்பா வெளியூர் போயிருந்தால் நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடி கேட்பாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும் நான் தமிழில் சொல்வதற்கு முன்னால் அதில் எழுதியிருக்கிறபடியே ஒரு தடவை வாசிக்கச் சொல்வாள். வாசிப்பேன். "ஏல, நீ வாசிக்கது தண்ணிக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்பாள். பிறகு தாளை வாங்கி மையின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்து, அரிசிப் பானைக்கு அடியில் வைப்பாள். அறுபது வருஷம் கழித்து டொராண்டோவில் யாரோ ஒரு பிள்ளை அந்தத் தண்ணீரை வரைந்திருக்கிறான்.

என் விஷயத்தில் ஒன்று மட்டும் வேறு. கவின் தமிழிலிருந்து வெளியே போனான். நான் வெளியிலிருந்து உள்ளே வந்தேன். சர்க்கார் விதி ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தேர்வு இல்லையென்றால் இதை எழுதும் தமிழ் எனக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று வருத்தப்படும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம். பாசத்தை மட்டும் நம்பி மொழி நிற்பதில்லை, அதற்கு ஏதாவது ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். எனக்குக் கோப்பு, கவினுக்குக் கடைசியில் சமையல். கதையின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஒரு சாவு உண்டு, ஒரு திரும்பி வருதல் உண்டு. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சமைப்பதும் உண்டு.

பரிசுகளைச் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில், சுயேச்சையாக ஆட்டங்கள் செய்கிறவர்களுக்கான விழாவின் மிகப் பெரிய பரிசு வெண்பாவுக்கு. ஏப்ரலில் லண்டனில், முதல் படைப்புக்கான பாஃப்டா. பால்டர்ஸ் கேட் மேடையேறிய அதே மேடையில் இட்லிப் பானையும் ஏறியது. நம் பத்திரிகைகளில் இது பெட்டிச் செய்தியாக வந்தால் அதிகம். மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் செய்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம், நியாயம்தான். ஆனால் நம் அடுப்பங்கரையை வைத்து ஒரு கதை சொல்லலாம் என்று தோன்றுவதற்கு ஒருவர் டொராண்டோவில் இருக்க வேண்டியிருந்தது. தூரத்தில் இருந்தால்தான் ஆவி கண்ணுக்குத் தெரியும் போல.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இத்தனை நல்ல ஆட்டங்கள் வந்த அதே 2023-ல் அந்தத் தொழிலில் பல்லாயிரம் பேருக்கு வேலை போயிற்று. கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டில் இருந்து ஆடியபோது ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள்; கூட்டம் குறைந்ததும் அனுப்பிவிட்டார்கள். 1978-ன் படங்களிலும் பெயர் தெரியாமல் எத்தனை பேர் வேலை பார்த்தார்களோ. நாம் கொண்டாடுவது டைட்டிலில் கடைசி வரை உட்கார்ந்து பார்க்காத பெயர்களின் உழைப்பை.

பேரன் ஜனவரியில் சென்னை திரும்பினான். போகும்போது ஆச்சியிடம் இட்லித் துணி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான், எதற்கு என்று சொல்லவில்லை. என்னுடைய தேர்வு நோட்டையும் புரட்டிப் பார்த்தான். 'இசைவு' என்றால் என்ன என்று கேட்டான். சொன்னேன்.

வெண்பாவை முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும், ஒரு சினிமாவைவிடக் குறைவு. கம்ப்யூட்டரிலும் ஓடும். உங்கள் வீட்டுக்கு விடுமுறைக்குப் பிள்ளைகள் வரும்போது போடச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், அதை அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். இட்லித் தட்டு வரும் இடத்தில் மட்டும் வீட்டம்மாவைக் கூப்பிட மறக்காதீர்கள்.